நாக்கில் இருந்தது மஞ்சள்தூள்: குவாங்சோவில் உடம்பின் ஈரத்தோடு ஒரு வருடம்

2018 மார்ச் மாதம். காலையில் எழுந்து கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தேன், தரை நனைந்திருந்தது. குழாய் எங்கோ ஒழுகுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். விளக்கைப் போட்டால் சுவரிலும் நீர் முத்து முத்தாக வழிகிறது. கண்ணாடியில் முகம் தெரியவில்லை. கதவில் தொங்கிய கைப்பையின் தோலில் சாம்பல் நிறப் பூஞ்சை.

நான் திருப்பூர்க்காரி. துணி வாங்கி அனுப்பும் வேலைக்காகத் தென்சீன நகரமான குவாங்சோ போய், ஹைசூ பகுதியில் ஜோங்தா துணிச்சந்தைக்குப் பக்கத்தில் வீடு எடுத்திருந்தேன். எங்கள் ஊரில் வீடு ஈரமானால் செய்வது ஒன்றுதான்: சன்னலை எல்லாம் திறந்துவிட்டு மின்விசிறியைப் போடுவது. அதையே செய்துவிட்டு வேலைக்குப் போனேன். மாலையில் வந்து பார்த்தால் உப்பு ஜாடியில் தண்ணீர் நின்றது, அப்பளம் துணி மாதிரி தொய்ந்து கிடந்தது, துவைத்துப் போட்ட சட்டை காலையில் இருந்ததைவிட ஈரமாக இருந்தது.

எதிர்வீட்டுப் பாட்டி எட்டிப் பார்த்துவிட்டு ஓடி வந்து சன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார். பாட்டியை அங்கே ஆபோ என்று கூப்பிடுவார்கள். "லெங்நொய், ஹுய்நான்தியன் வந்தால் யாராவது சன்னலைத் திறப்பார்களா?" என்று கேட்டார். லெங்நொய் என்றால் அழகுப்பெண், குவாங்சோவில் எந்தப் பெண்ணையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

ஹுய்நான்தியன் என்பது தென்காற்று திரும்பி வரும் பருவம். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை எப்போது வேண்டுமானாலும் வரும். குளிர்காலத்தில் சுவரும் தரையும் நன்றாகச் சில்லிட்டுப்போய் இருக்கும். அப்போது தென்சீனக் கடலிலிருந்து வெதுவெதுப்பான ஈரக்காற்று திடீரென்று நுழைந்தால், ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்பின் வெளியே வேர்ப்பது போல வீடு முழுக்க வேர்க்கும். சன்னலைத் திறக்கத் திறக்க ஈரத்தை நாமே உள்ளே அழைக்கிறோம். இதே தப்பை உடம்பிலும் செய்தேன்.

அந்த மாதம் உடம்பு என் உடம்பாகவே இல்லை. எட்டு மணி நேரம் தூங்கினாலும் தூங்கின மாதிரி இராது. தலையில் ஈரத்துண்டைச் சுற்றிக் கட்டியது போல ஒரு கனம். இரண்டு இட்லிக்கே வயிறு நிறைந்து மேலே முட்டும். மாலையில் சாக்ஸைக் கழற்றினால் கணுக்காலில் அதன் தடம் அரை மணி நேரம் இருக்கும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சீன மருத்துவர்கள் முதலில் கேட்பதே இதைத்தான்: மலம் களிமண் மாதிரி ஒட்டியது, இரண்டு முறை தண்ணீர் ஊற்றினாலும் போகாது. அம்மாவிடம் போனில் சொன்னபோது, "நீர் கோத்துக்கிச்சாட்ட இருக்குது கண்ணு, சுக்குத்தண்ணி வெச்சுக் குடி" என்றார். அம்மா சொன்னதை அன்றே கேட்டிருக்கலாம்.

அலுவலகத்தில் கேட்டால் எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: ஷீச்சி. உடம்பில் ஏறிய ஈரம். குவாங்சோ இருக்கும் குவாங்டோங் மாகாணத்தில் இது வீட்டுப் பேச்சு. சோர்வா, ஷீச்சி. தோலில் அரிப்பா, ஷீச்சி. அதற்காக வெறும் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. இந்த ஈர நோய்க்குறிகளை ஆராய்வதற்கென்றே குவாங்சோவில் தேசிய அளவிலான ஓர் ஆய்வுக்கூடம் இருக்கிறது.

சீன மருத்துவம் வெளியிலிருந்து நோய் தருபவை என்று ஆறைச் சொல்கிறது: காற்று, குளிர், கோடை வெப்பம், ஈரம், வறட்சி, தீ. இதில் ஈரத்துக்குத் தனிக் குணம் உண்டு. கனமானது, கலங்கலானது, ஒட்டிக்கொள்வது, கீழ்நோக்கி இறங்குவது. கால் வீங்குவதும் தலை கனப்பதும் மலம் ஒட்டுவதும் இந்தக் குணத்திலிருந்தே வருகின்றன என்பது அவர்கள் கணக்கு. ஒட்டும் குணம் இருப்பதால் சீக்கிரம் போகாது. மாவில் எண்ணெய் கலந்தது போல, ஈரம் வெப்பத்தோடு கலந்துவிட்டால் பிரிக்க முடியாது என்று அங்கே ஒரு வழக்கு உண்டு.

ஈரம் உள்ளேயும் உண்டாகும். அங்கேதான் மண்ணீரல் வருகிறது. சீன மருத்துவம் சொல்லும் மண்ணீரலை நம் உடற்கூறு பாடத்தில் படித்த உறுப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உண்டதையும் குடித்ததையும் சத்தாக மாற்றி உடம்பெங்கும் அனுப்பும் வேலைக்கு அவர்கள் வைத்த பெயர் அது. ஈரத்தால் வரும் வீக்கமும் உப்புசமும் எல்லாம் மண்ணீரலைச் சேர்ந்தவை என்று ஹுவாங்தி நெய்ஜிங் என்ற பழைய நூல் சொல்கிறது. மண்ணீரல் சோர்ந்தால் தண்ணீர் தேங்கும், தேங்கிய தண்ணீர் மண்ணீரலை இன்னும் சோர வைக்கும்.

இதையெல்லாம் நான் பிறகுதான் படித்தேன். அப்போது செய்தது வேறு. ஈரத்தில் இரண்டு வகை உண்டு, குளிர் ஈரம், வெப்ப ஈரம், நாக்கின் மேல் படிவு வெள்ளையாக இருந்தால் முதலாவது, மஞ்சளாக இருந்தால் இரண்டாவது என்று போனில் வாசித்தேன். ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு குளியலறைக் கண்ணாடியில் நாக்கை நீட்டினேன். மஞ்சள். சரி, எனக்கு வெப்ப ஈரம் என்று முடிவு கட்டிவிட்டேன்.

தெருமுனையில் லியாங்ச்சா கடை. லியாங்ச்சா என்றால் குளிர்ச்சியூட்டும் டீ. தேயிலை அல்ல, மூலிகைக் கஷாயம். சுரைக்காய் வடிவில் பளபளக்கும் பெரிய பித்தளை அண்டா முன்னால் இருக்கும். 2006-ல் சீன அரசின் தேசிய மரபுப் பட்டியலில் ஏறிய பானம் இது. அதிலேயே கசப்பானது இருபத்துநாலு சுவை என்கிற கறுப்புக் கஷாயம். நிலவேம்புக் கஷாயம் குடித்து வளர்ந்தவளுக்குக் கசப்பு பெரிதில்லை. தினமும் ஒரு கிண்ணம் என்று மூன்று வாரம் குடித்தேன்.

முதல் வாரத்தில் வயிறு இளகியது, ஈரம் வெளியேறுகிறது என்று சந்தோஷப்பட்டேன். இரண்டாவது வாரத்தில் சோறு இறங்கவில்லை. மூன்றாவது வாரத்தில் சந்தையின் இரண்டாவது மாடிக்கு ஏறும்போது பாதியில் உட்கார்ந்துவிட்டேன். கைகால் சில்லென்று இருந்தது.

ஆபோதான் ஒரு வயதான சீன மருத்துவரிடம் கூட்டிப்போனார். அவர் நாடி பிடித்தார், நாக்கைப் பார்த்தார், கேள்விகளாகக் கேட்டார். தாகம் எடுக்கிறதா? எடுத்தால் குளிர்ந்த தண்ணீர் கேட்கிறதா, சூடாகவா? வாய் கசக்கிறதா, சப்பென்று இருக்கிறதா? வயிற்றில் கை வைத்து அழுத்தினால் இதமா, வலியா? சிறுநீர் மஞ்சளா, வெளுப்பா? நான், "எனக்கு வெப்ப ஈரம், நாக்கு மஞ்சள்" என்று முந்திக்கொண்டு சொன்னேன். அவர் என் நாக்கைப் போனில் படம் எடுத்துக் காட்டினார். அந்தக் காலை பத்து மணி வெளிச்சத்தில் படிவு தயிர் மாதிரி வெள்ளை. நாக்கு உப்பியிருந்தது, ஓரமெல்லாம் பல் பதிந்த தடம். அகப்பை விளிம்பில் யாரோ வரிசையாகக் கடித்து வைத்த மாதிரி.

"ராத்திரி என்ன சாப்பிட்டு நாக்கைப் பார்த்தாய்?" என்று கேட்டார். சாம்பார் சாதம். சாம்பாரில் என்ன போடுவீர்கள் என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மஞ்சள்தூள். சீன மருத்துவ மாணவர்கள் நாக்குப் பாடத்தின் ஆரம்பத்திலேயே படிப்பதாம் இது, சாயம் ஏறிய படிவு. காபி, ஆரஞ்சு, மஞ்சள் எல்லாமே நாக்கில் பொய் சொல்லும்.

எனக்கு இருந்தது குளிர் ஈரம், சோர்ந்த மண்ணீரல். அதன் மேல் மூன்று வாரம் குளிர்ச்சியான கசப்பை ஊற்றியிருக்கிறேன். வெளியே வந்ததும் ஆபோ சொன்னார்: "அடுப்பில் தணல் அணைந்து கிடக்கிறது, நீ பானையில் பச்சைத்தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறாய்."

ஆகவே நாக்கைப் பார்ப்பதென்றால் காலையில், பல் தேய்க்கும் முன்னால், சன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். நாக்கு வழிக்கும் பழக்கம் நமக்கு உண்டு, வழித்த பிறகு படிவு தெரியாது. நாக்கை இறுக்கி நீட்டாமல் தளர்வாக விட வேண்டும். ஒரு நாள் பார்த்து முடிவு கட்டாமல் ஒரு வாரம் பாருங்கள். அதையும் மற்ற கேள்விகளோடு சேர்த்தே பார்க்க வேண்டும். வாய்க்கசப்பு, நாற்றம், மஞ்சள் சிறுநீர், முகப்பரு, உடல் எரிச்சல் என்றால் வெப்ப ஈரத்தின் பக்கம். வாய் சப்பென்று இருப்பது, தாகமின்மை, சூடானதை விரும்புவது, குளிர்ந்த கைகால், இளகிய மலம் என்றால் குளிர் ஈரத்தின் பக்கம். முதலாவதற்குக் குடிக்கும் டீ இரண்டாவதைக் கெடுக்கும்.

மருத்துவர் இன்னொன்றும் செய்தார். மருந்து எழுதும் முன்னால் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார்: தைராய்டு, ரத்த அணுக்கள், சர்க்கரை, சிறுநீரகம். சோர்வும் வீக்கமும் கனமும் தைராய்டு குறைவிலும் வரும், ரத்தசோகையிலும் வரும். ஈரத்தை அளக்க எந்தச் சோதனையும் கிடையாது, அதனால் அளக்கக்கூடியதை முதலில் அளந்து ஒதுக்கிவிட வேண்டும் என்றார். அவர் மேல் எனக்கு முழு நம்பிக்கை வந்தது அந்த நிமிடத்தில்தான். எனக்கு எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் ஒரு கால் மட்டும் வீங்கினால், விரலால் அழுத்திய இடம் குழியாகவே நின்றால், மூச்சு வாங்கினால், அது டீக்கடை விஷயம் இல்லை. நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

அவர் எழுதிய மருந்து ஷென்லிங் பைஜு சான் என்ற பழைய கலவையை எனக்கேற்ப மாற்றியது. சோங் வம்ச காலத்து அரசு மருந்தகத்தின் தொகுப்பில் உள்ளது. அதில் சேரும் பைபியன்தோ என்ற வெள்ளைக் கொட்டையைக் கையில் வாங்கிப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. நம் அவரை இனத்துக் கொட்டை! ஒரு பக்கம் வெள்ளைக் கீற்றோடு, எங்கள் தோட்டத்துக் கொடியில் காய்த்தது மாதிரியே. இன்னொன்று ஷாரென், ஏலக்காய்க் குடும்பம், குவாங்டோங்கின் யாங்சுன் பகுதியில் விளைவதற்குத்தான் பெயர். உடைத்தால் கற்பூர வாசம். அதைக் கடைசி ஐந்து நிமிடத்தில்தான் கொதியில் போட வேண்டும், முதலிலேயே போட்டால் வாசமும் போய்விடும், பயனும் போய்விடும்.

மருந்தின் பெயரைச் சொல்லிவிட்டேன் என்பதற்காக நீங்களாக வாங்கிக் குடிக்க வேண்டாம். பெல்ஜியத்தில் உடல் இளைக்கக் கொடுத்த மாத்திரைகளில் ஈரம் போக்கும் ஃபாங்ஜி என்ற சீன மூலிகை சேர வேண்டியது. அதற்குப் பதிலாகப் பெயரில் ஒத்த வேறொரு செடி சேர்ந்துவிட்டது. அந்தச் செடியில் இருந்த அரிஸ்டோலோக்கிக் அமிலம் பல பெண்களின் சிறுநீரகத்தை அழித்தது. 1993-ல் இது உலகுக்குத் தெரிய வந்தது. பெயர் ஒன்றாக இருந்தால் பொருள் ஒன்றாகிவிடாது.

மருந்து இரண்டு வாரம்தான். மீதியெல்லாம் சாப்பாடு. இங்கேதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

என் அன்றாடத்தைச் சொல்கிறேன். காலையில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாலில் ஓட்ஸ். வேலையிடத்தில் உடம்புக்கு நல்லது என்று தாகமில்லாமலே மூன்று, நான்கு லிட்டர் தண்ணீர். மாலை ஆறு மணிக்கு ஐஸ் போட்ட பால் டீ, அடியில் மரவள்ளி மாவு முத்துகள். ராத்திரி பத்து மணிக்கு மேல் சமைத்து, சாம்பார் சாதமும் அதற்கு மேல் தயிர்சாதமும், பிறகு ஒரு மாம்பழம். சாப்பிட்ட அரை மணியில் படுக்கை. பச்சையானது, குளிர்ந்தது, இனிப்பு, கொழுப்பு: இந்த நான்கும் ஈரத்தை வளர்க்கும் என்பது சீன மருத்துவத்தின் பாலபாடம். நான்கையும் தினமும் ஒரு நாளும் விடாமல் செய்திருக்கிறேன்.

முதலில் ஐஸை விட்டேன். பத்து நாள் தலைவலிதான், சர்க்கரை குறைந்ததால் இருக்கலாம். தாகம் எடுத்தால் வெந்நீர், எடுக்காவிட்டால் குடிப்பதில்லை. குவாங்சோவில் எந்தச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தாலும் முதலில் வருவது சூடான தண்ணீரோ டீயோதான், அதனால் இது சுலபமாகவே வந்துவிட்டது. ராத்திரிச் சாப்பாட்டை ஏழரைக்குக் கொண்டுவந்தேன். தயிரை விட என்னால் முடியாது என்று மருத்துவரிடம் சொன்னேன். மதியம் மட்டும், நீர்க்க அடித்து, சுக்கும் பெருங்காயமும் போட்டுக் குடி என்றார். நீர்மோர்! அம்மா சொன்ன சுக்கு இந்த வழியாக வந்து சேர்ந்தது.

ஆபோ சொல்லிக்கொடுத்த கஞ்சித்தண்ணீர் இப்போதும் என் வீட்டில் உண்டு. யீமி என்ற வெள்ளைத் தானியம், பார்லி மாதிரி இருக்கும், கொஞ்சம் பெரிது. பச்சையாகப் போட்டால் குளிர்ச்சி. என்னைப் போன்றவர்கள் இரும்புச் சட்டியில் சிறுதீயில் பொன்னிறமாக வறுக்க வேண்டும், பொரிகடலை வாசம் வரும்போது இறக்கலாம். வறுத்த யீமி 30 கிராம், ஒல்லியான சிவப்புப் பயறு 30 கிராம். இந்தப் பயறின் பெயர் ச்சிஷியாவ்தோ. உருண்டையாக இருக்கும் இனிப்புக்கான சிவப்புப் பயறு வேறு. பயறை ராத்திரியே ஊற வைக்க வேண்டும். பைன் மர வேரில் வளரும் ஃபூலிங் என்ற காளான் கட்டி 15 கிராம், சென்பி என்ற பழைய கமலாத்தோல் பாதி, இஞ்சி மூன்று வில்லை. ஒன்றரை லிட்டர் தண்ணீரில் ஒரு மணி நேரம் கொதிக்கட்டும். வாரத்துக்கு மூன்று நாள் சூடாகக் குடிப்பேன். கர்ப்பிணிகளுக்கு யீமி கூடாது என்பது அங்கே எல்லா வீட்டிலும் தெரிந்த எச்சரிக்கை.

சென்பிக்குப் பெயர்போனது குவாங்டோங்கின் ஷின்ஹுய் ஊர்தான். குறைந்தது மூன்று வருடமாவது காய்ந்து கிடந்தால்தான் அதைச் சென்பி என்பார்கள். சிவப்புப் பயறு வாங்கும்போது ஒரு கவனம்: பாதி சிவப்பு பாதி கறுப்பாக இருந்தால் தொடாதீர்கள். அது குன்றிமணி, நாம் சிறுவயதில் பல்லாங்குழி ஆடியது, கொடிய விஷம். சீன மூலிகை வியாபாரத்தில் இரண்டும் கலந்துபோய்ச் சங்கடங்கள் நடந்ததுண்டு.

வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், உடம்பை உலர்த்திவிட்டு ஈர மெத்தையில் படுத்தால் என்ன பயன். சுவர் வேர்க்கும் நாட்களில் தெற்கு, தென்கிழக்குச் சன்னல்களைச் சாத்தி, ஏசியை ஈரம் உறிஞ்சும் நிலையில் வைப்பேன். ஈரம் உறிஞ்சும் பெட்டி ஒன்றும் வாங்கினேன். முதல் நாள் ராத்திரியே அதன் தொட்டி நிரம்பிவிட்டது. வடகாற்று வந்த அன்று எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டும். தலைக்குக் குளித்தால் உலர்த்தாமல் படுப்பதில்லை.

உடற்பயிற்சியில் எனக்குக் கிடைத்த ஒரே பாடம் வியர்வையின் அளவு. உடம்பு லேசாகக் கசியும் வரை நடக்க வேண்டும், சொட்டச் சொட்ட வேண்டாம். ஈரத்தை லேசான வியர்வையால்தான் வெளியேற்ற வேண்டும் என்று பழைய நூலிலேயே இருக்கிறது. ஆபோவோடு பூங்காவில் பாதுவான்ஜின் என்ற எட்டு அசைவுச் சீனப் பயிற்சியைக் கற்றுக்கொண்டேன். அதில் மூன்றாவது அசைவு மண்ணீரலுக்கு: ஒரு கை வானத்தைத் தாங்க, மற்றது தரையை அழுத்தும். வயிறு இழுபட்டு ஏப்பம் வரும். ராத்திரி இஞ்சி போட்ட வெந்நீரில் கால் வைப்பது பதினைந்து நிமிடம். சர்க்கரை நோயாளிகள் சூட்டைக் கையால் பார்த்துவிட்டுத்தான் வைக்க வேண்டும், காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம்.

எப்போது சரியானது என்று கேட்டால் ஒரு நாளைச் சொல்ல முடியாது. மே கடைசியில் ஒரு நாள் சந்தையில் மூன்றாவது மாடி வரை போய்விட்டுத்தான், நடுவில் உட்காரவில்லை என்று கவனித்தேன். நாக்கின் ஓரத் தடம் மட்டும் மறைய ஆகஸ்ட் ஆயிற்று. மருந்தா, தூக்கமா, ஐஸை விட்டதா, எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை. ஆனால் மறுபடி பால் டீயும் பத்து மணிச் சாப்பாடும் ஆரம்பித்த ஒவ்வொரு முறையும் இரண்டு வாரத்தில் சாக்ஸ் தடம் வந்துவிட்டது.

அடுத்த மார்ச்சில் ஆபோ விடிகாலையில் கதவைத் தட்டினார். தெருவோரத்து இலவ மரம் பூ உதிர்த்திருந்தது. நம் ஊர் முள்ளிலவுதான் அது, குவாங்சோவின் நகரப்பூ. உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பாக, விழும்போது சத்தம் கேட்கும். பாட்டிகள் எல்லாம் பையோடு குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஈரம் போக்கும் சூப்புக்கு. அவர்கள் பன்றி எலும்போடு போடுவார்கள், எனக்காக ஆபோ அந்த அவரைக்கொட்டையும் யீமியும் போட்டு வைத்தார். கொட்டையை நன்றாக வேக வைக்க வேண்டும், அரைவேக்காடு வயிற்றைக் கெடுக்கும்.

கிண்ணத்தில் இரண்டே பூ. அவருடையதில் ஆறு. ஏன் என்று கேட்டேன். "இந்தப் பூ குளிர்ச்சி. உனக்கு இரண்டு போதும்" என்று சொல்லி, இன்னொரு இஞ்சி வில்லையை நறுக்கி என் கிண்ணத்தில் போட்டார்.